பெட்டியை அப்புறம் பார்ப்போம், முதலில் சம்பின் கடைசி அறையை அளந்து வாருங்கள்

கோலாலம்பூர் செந்தூலில் இருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். பதினோராவது மாடியில் கொண்டோ. நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத்தில் துளை போடாத கண்ணாடித் தொட்டி. உள்ளே ஆறு டிஸ்கஸ் மீன். கீழே அலமாரிக்குள் சம்ப் வைக்க வேண்டும், அதாவது மேலிருந்து இறங்கும் தண்ணீரை வடிகட்டி, பம்பால் திரும்ப மேலே அனுப்பும் கீழ்த்தொட்டி. தண்ணீரைச் சம்புக்கு இறக்க விளிம்பில் தொங்கவிடுகிற ஓவர்ஃப்ளோ பெட்டிகளில் நம்பகமானது எது, சத்தம் போடாதது எது? அம்மா ஹாலில்தான் படுக்கிறார், லேசான சத்தத்துக்கே விழித்துக்கொள்வார்.

பெட்டியின் பெயரைக் கேட்டிருக்கிறீர்கள். எனக்குக் கேட்பது வேறு இரண்டு கேள்விகள். நான் வேலைக்குப் போயிருக்கும்போது தண்ணீர் தரையில் ஓடி, பத்தாவது மாடிக்காரர் வீட்டுக் கூரையில் சொட்டுமா? ராத்திரி இரண்டு மணிக்கு அந்தப் பெட்டி கொடகொடவென்று பேச ஆரம்பிக்குமா? முதல் கேள்விக்குப் பாதி பதில் பெட்டியில் இருக்கிறது, மீதிப் பாதி சம்பில். இரண்டாவதற்குப் பெட்டியிலிருந்து கீழே இறங்கும் குழாயில்தான் பதில். அதனால் எந்த மார்க் வாங்குவது என்று சொல்லப்போவதில்லை. கடையில் எதைக் காட்டினாலும் அதைத் திருப்பிப் பார்த்து நீங்களே முடிவு செய்யும்படி சொல்லிப் பார்க்கிறேன்.

என்னைப் பற்றி இரண்டு வரி. பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் தண்ணீர்க் குழாய், பம்பு, வால்வு இவற்றோடு 19 வருஷம். மாலை நேரத்தில் பினாங்குத் தீவிலும் அக்கரையிலும் தெரிந்தவர்களுக்குத் தொட்டி கட்டிக் கொடுப்பேன், பராமரிப்பும் பார்ப்பேன். தொங்கும் ஓவர்ஃப்ளோ மட்டும் ஒரு டஜன் பொருத்தியிருப்பேன். எல்லாம் நன்னீர்த் தொட்டிகள். பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டியில் எனக்குக் கை பழகவில்லை, அதனால் இங்கே சொல்வதை அப்படியே அங்கே கொண்டுபோக வேண்டாம்.

முதலில் ஒரு விஷயத்தைக் கேட்டுவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். துளை போடவே முடியாதா? பின்பக்கக் கண்ணாடியின் மேல்பகுதியில் துளை போட்டு, உள்ளே ஒரு சின்னப் பெட்டியை ஒட்டிவிட்டால் தண்ணீர் தன் எடையால் தானே இறங்கும். சைஃபன் (நீர் நிறைந்த வளைகுழாய் தண்ணீரை விளிம்பு தாண்டி இழுப்பது) இல்லை, அது அறுந்துபோகும் பயமும் இல்லை. நம்மூர்க் கடைகளில் ஆர்டர் கொடுத்துக் கட்டும் தொட்டிகள் பெரும்பாலும் சாதாரணக் கண்ணாடி. வைரத்தூள் பூசிய பிட்டை வைத்து, தண்ணீர் ஊற்றிக்கொண்டே, அவசரப்படாமல் போட்டால் துளை விழும். ஓரத்திலிருந்து குறைந்தது துளையின் விட்டம் அளவுக்காவது தள்ளிப் போட வேண்டும். டெம்பர்டு கண்ணாடி (சூடாக்கிக் கடினமாக்கியது) என்றால் மட்டும் கையே வைக்கக் கூடாது, பிட் பட்டதும் மொத்தமாகச் சிதறிவிடும். கண்டுபிடிக்க ஒரு வழி: கண்ணாடிக்குப் பின்னால் லேப்டாப் திரையை வெள்ளையாக வைத்து, முன்னால் நின்று போலரைஸ்டு கூலிங் கிளாஸ் வழியாகத் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பாருங்கள். கறுப்பும் வானவில்லுமாகப் பட்டைகள், புள்ளிகள் தெரிந்தால் அது டெம்பர்டு. தெரியாவிட்டால் பெரும்பாலும் சாதாரணக் கண்ணாடி. பெரும்பாலும் என்பதைக் கவனியுங்கள். கட்டிய கடைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்பது நல்லது. மீன்களை இரண்டு நாள் பெரிய பீப்பாயில் மாற்றி வைக்க இடமும் ஏர் பம்பும் இருந்தால் நான் இந்த வழியைத்தான் முதலில் சொல்வேன். சம்ப் இல்லாமல் நல்ல கேனிஸ்டர் ஃபில்டர் (மூடிய டப்பா வடிகட்டி) இரண்டை மாட்டுவது அடுத்த வழி. ஆறு டிஸ்கஸுக்கு அதுவே போதும், வெள்ளப் பயமும் குறைவு. சம்ப்தான் வேண்டும், துளை போட வழியில்லை என்றால் மேலே படியுங்கள்.

தொங்கும் பெட்டி எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் அது எப்படிக் கெடும் என்பதும் தெரிந்துவிடும். தொட்டிக்குள் ஒரு பெட்டி, வெளியே ஒரு பெட்டி, விளிம்பைத் தாண்டி இரண்டையும் இணைக்கும் கவிழ்த்த யு குழாய். உள்பெட்டியின் மேல் ஓரத்தில் சீப்புப் பல் மாதிரி வெட்டியிருக்கும், அதன் வழியாக மேல்மட்டத் தண்ணீர் மட்டும் உள்ளே விழும். யு குழாயில் காற்றே இல்லாமல் தண்ணீர் நிறைந்திருக்கும்வரை, உள்பெட்டியில் மட்டம் உயர உயர வெளிப்பெட்டிக்குத் தண்ணீர் தானே தாண்டும். வெளிப்பெட்டியிலிருந்து குழாய் சம்புக்கு இறங்கும். கரண்ட் போனால் பம்பு நிற்கும், சீப்புப் பல்லுக்குக் கீழே மட்டம் இறங்கியதும் தாண்டுவதும் நிற்கும். ஆனால் இரண்டு பெட்டியிலும் தண்ணீர் தேங்கி நிற்பதால் யு குழாயின் இரு முனைகளும் மூழ்கியே இருக்கும். கரண்ட் திரும்பியதும் தானாகத் தொடங்கும். நன்றாகக் கட்டிய பெட்டி என்றால் இது இப்படித்தான் நடக்கும், இதில் சந்தேகம் வேண்டாம்.

சந்தேகம் யு குழாயின் உச்சி வளைவில்தான். தண்ணீரோடு வரும் குட்டிக் குமிழ்கள் அங்கே போய்ச் சேரும். ஒன்றோடொன்று ஒட்டி, கவிழ்த்துவைத்த இட்லி மாதிரி ஒரு காற்றுக் கட்டியாகும். அது வளைவு முழுவதையும் அடைத்துவிட்டால் சைஃபன் அறுந்தது. அறுந்தால் தண்ணீர் இறங்காது, ஆனால் கீழே பம்புக்கு அது தெரியாதே. சம்பின் கடைசி அறையில் இருப்பதை எல்லாம் மேலே ஏற்றிக்கொண்டே இருக்கும்.

தஞ்சோங் தோக்கோங்கில் ஒரு வீடு. நான்தான் பொருத்திக் கொடுத்தேன், அதனால் பழியும் எனக்குத்தான். நாலடித் தொட்டி, தொங்கும் பெட்டி ஒன்று. உச்சியில் சேரும் காற்றை இழுத்துவிட ஒரு குட்டிப் பம்பு. எட்டு மாதம் எந்தத் தொல்லையும் இல்லை. ஒரு சாயங்காலம் இடி மழையில் இ.எல்.சி.பி. (மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் சுவிட்ச்) விழுந்திருக்கிறது. வீட்டுக்காரர் வந்து தூக்கிவிட்டுவிட்டுக் குளிக்கப் போயிருக்கிறார். குளித்துவிட்டு வந்தால் ஹாலில் பாதம் நனைகிற அளவுக்குத் தண்ணீர். நான் போனபோது ரிட்டர்ன் பம்பு, அதாவது சம்பிலிருந்து மேலே ஏற்றும் பம்பு, காய்ந்துபோய்க் கரகரவென்று அரைத்துக்கொண்டிருந்தது. யு குழாயின் உச்சியில் கையளவு காற்று. அந்தக் குட்டிப் பம்பின் வாயில் இருந்த பஞ்சு வடிகட்டியைக் கழற்றினேன், பச்சைப் பாசியும் சளியுமாக முழுக்க அடைந்திருந்தது. அது அடைந்து எத்தனை நாளோ. அதுவரை தண்ணீரின் ஓட்டமே குமிழ்களைத் தள்ளிக்கொண்டிருந்திருக்கிறது, ஓட்டம் நின்ற அந்த அரைமணி நேரத்தில் காற்று சேர்ந்துவிட்டது. இதையெல்லாம்விட என்னைச் சுட்டது வேறு. சம்பின் கடைசி அறையை நான் 40 லிட்டர் வைத்திருந்தேன். மேலே தொட்டியில் விளிம்புவரை இருந்த இடைவெளி மூன்று செ.மீ., அதில் 16 லிட்டர்தான் பிடிக்கும். பம்பு நிமிஷத்துக்கு 20 லிட்டர் ஏற்றுகிறது. கணக்குப் போட்டால் இரண்டே நிமிஷத்தில் வேலை முடிந்திருக்கும். அவர் சட்டை கழற்றுவதற்குள்.

அன்றிலிருந்து என் பழக்கம் மாறியது. சைஃபன் அறுமா அறாதா என்று கேட்பதில்லை. ஒரு நாள் அறும் என்று வைத்துக்கொண்டு, அறுந்தால் எத்தனை லிட்டர் தரைக்கு வரும் என்று முதலில் கணக்குப் போடுவேன். அந்த எண் பூஜ்யமாக வரும்வரை சம்பை மாற்றுவேன். அதற்கப்புறம்தான் பெட்டி.

உங்கள் தொட்டிக்கே போட்டுப் பார்ப்போம். நாலடிக்கு ஒன்றரை அடி என்றால் ஒரு சென்டிமீட்டர் உயரத்துக்கு ஏறக்குறைய ஐந்தரை லிட்டர். ஓடும்போது இருக்கும் மட்டத்திலிருந்து விளிம்புக்கு 3 செ.மீ. இடைவெளி விட்டால் 16 லிட்டர் தாங்கும். ஆகவே ரிட்டர்ன் பம்பு இருக்கும் கடைசி அறையில், பம்பு உறிஞ்சி எடுக்கக்கூடிய தண்ணீர் 14 லிட்டருக்கு மேல் இருக்கக் கூடாது. அறை 25 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம், தண்ணீர் 22 செ.மீ. உயரம் என்றால் மொத்தம் 16.5 லிட்டர், அடியில் மூன்று நாலு செ.மீ. பம்புக்கு எட்டாது, சரியாக வரும். பக்கத்துத் தடுப்புக் கண்ணாடிகளுக்கு இடையே நிற்கும் தண்ணீரும் கூடவே இழுபடும் அமைப்பாக இருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தண்ணீர் ஆவியாவதால் சின்ன அறையில் மட்டம் சீக்கிரம் குறையும், தினமும் கொஞ்சம் ஊற்ற வேண்டிவரும். டிஸ்கஸ் தொட்டி சூடாகவே இருப்பதால் இன்னும் சீக்கிரம். அந்தத் தொல்லையை ஏற்றுக்கொள்ளுங்கள், அதற்குப் பயந்து அறையைப் பெரிதாக்க வேண்டாம்.

எதிர்ப்பக்கக் கணக்கும் உண்டு. கரண்ட் போனால் மேலிருந்து கீழே எவ்வளவு வரும்? மணிக்கு 1200 லிட்டர் ஓட்டத்தில், 20 செ.மீ. நீளச் சீப்பின் மேல் தண்ணீர் சுமார் ஒன்றரை செ.மீ. ஏறி நிற்கும், அது 8 லிட்டர். ரிட்டர்ன் குழாயின் வாய் சீப்பு மட்டத்துக்கு 3 செ.மீ. கீழே இருந்தால், அது பின்னோக்கிச் சைஃபன் ஆகி இன்னும் 16 லிட்டரை இழுத்துவிடும். குழாய்களில் இருப்பது இரண்டு மூன்று லிட்டர். மொத்தம் 27. இரண்டரை அடிக்கு ஓரடி சம்பில் இது 12 செ.மீ. மட்டத்தை உயர்த்தும். ரிட்டர்ன் வாயை மேற்பரப்புக்குச் சற்றே கீழே வையுங்கள், அல்லது குழாயில் நீர்மட்டத்துக்கு ஒட்டி ஒரு சின்னத் துளை போடுங்கள், மட்டம் இறங்கியதும் காற்று புகுந்து பின்னிழுப்பு நின்றுவிடும். அந்தத் துளையில் பாசி அடைக்கும், வாரம் ஒருமுறை பல்குத்தியால் குத்துங்கள். ஒருவழி வால்வை மட்டும் நம்பாதீர்கள், அதன் உதட்டில் ஒரு நத்தை ஓடு சிக்கினால் போதும்.

சரி, இப்போது பெட்டி. யு குழாய் எத்தனை அங்குலம் என்பதில்தான் பலர் தவறு செய்கிறார்கள். பெரிய குழாய் பத்திரம் என்று நினைக்கிறார்கள். குமிழ் தண்ணீரில் மேலே ஏறும் வேகம், சில மில்லிமீட்டர் அளவுக் குமிழுக்கு, வினாடிக்கு ஏறக்குறைய 25 செ.மீ. குழாயில் தண்ணீர் அதைவிட வேகமாக ஓடினால்தான் உச்சியில் நிற்கும் குமிழைக் கீழே இழுத்துக்கொண்டு போகும். 250 லிட்டர் தொட்டிக்கு மணிக்கு 1200 லிட்டர் ஓட்டம் தாராளம். ஓரங்குலக் குழாய் ஒன்றில் அது வினாடிக்கு 68 செ.மீ. வேகம், குமிழ் தங்காது. ஓரங்குலக் குழாய் இரண்டு போட்டால் ஒவ்வொன்றிலும் 34, இன்னும் சமாளிக்கும். ஒன்றரை அங்குலம் இரண்டு போட்டீர்கள் என்றால் வேகம் 15-க்கு இறங்கிவிடும், குமிழ்கள் உச்சியில் உட்கார்ந்து குடித்தனம் நடத்தும். ஆகவே உங்களுக்கு ஓரங்குல யு குழாய் இரண்டு. ஒன்று அறுந்தாலும் மற்றொன்று முழு ஓட்டத்தையும் தாங்கும், அதற்கு உள்பெட்டிக்கும் வெளிப்பெட்டிக்கும் மட்ட வித்தியாசம் ஆறு ஏழு செ.மீ. தேவைப்படும். ஆழம் குறைந்த பெட்டி இதற்கு ஆகாது. பெட்டியின் அட்டையில் மணிக்கு இத்தனை லிட்டர் என்று போட்டிருக்கும் எண்ணைப் பாதியாகவே எடுத்துக்கொள்ளுங்கள். பாதி என்பது நான் அளந்து பார்த்த சில பெட்டிகளின் அனுபவம், விதி அல்ல.

குழாய் கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்க வேண்டும். இதில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். காலையில் பசியாறிவிட்டுக் கிளம்பும்போது ஒரு பார்வை பார்த்தால் உச்சியில் காற்று சேர்கிறதா என்று தெரியும். ஹார்ட்வேர் கடையில் வெள்ளை பிவிசி குழாய், எல்போ வாங்கித் தானே ஒட்டிக்கொள்ளும் ஓவர்ஃப்ளோ ஒன்று இணையத்தில் சுற்றுகிறது. வேலை செய்யும், பத்து இருபது வெள்ளிக்குள் முடிந்துவிடும், கொல்லைப்புறத்தில் தவளையும் கப்பியும் வாழும் தொட்டிக்கு நானே செய்திருக்கிறேன். பதினோராவது மாடிக்கு வேண்டாம். உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க முடியாத குழாயை நம்பி வீட்டைப் பூட்டிக்கொண்டு போகக் கூடாது.

இன்னொரு வகைப் பெட்டியில் யு குழாய்க்குப் பதிலாக விளிம்பைத் தாண்டும் அகலமான ஒரே கூடு இருக்கும், உச்சியில் ஒரு சின்ன மூக்கு. அந்த மூக்கில் குட்டிப் பம்பை மாட்டிக் காற்றை இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். கூடு அகலம், அதனால் வேகம் குறைவு, தானாகக் குமிழைத் தள்ளாது. அந்தப் பம்புதான் அதன் உயிர். தஞ்சோங் தோக்கோங்கில் நான் மாட்டியது இந்த வகை. பம்பு கெட்டால் பெட்டி உடனே கெடாது, சொல்லாமல் கொள்ளாமல் இரண்டு வாரம் கழித்துக் கெடும். அதுதான் எனக்குப் பிடிக்காதது. ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் மாதம் ஒருமுறை அதன் வடிகட்டியைக் கழுவுங்கள், அது வெளியேற்றும் குழாயின் முனையைத் தண்ணீருக்குள் வையுங்கள்.

டிஸ்கஸ் வளர்ப்பவர்களுக்கென்று ஒரு தனித்தொல்லை. மாட்டு இருதயக் கலவை கொடுப்பவர் என்றால் (அம்மாவுக்குத் தெரியாமல் ஃப்ரீசரில் ஒளித்து வைப்பவர்களை எனக்குத் தெரியும்) மேற்பரப்பில் எண்ணெய்ப் படலம் படியும். சீப்பு அதை அருமையாக வழித்து எடுக்கும், ஓவர்ஃப்ளோவின் பெரிய நன்மையே அது. அந்தக் கொழுப்பு யு குழாயின் உள்சுவரில் சளியாகப் படியும் என்பது அதன் விலை. மூன்று நாலு வாரத்துக்கு ஒருமுறை குழாயைக் கழற்றி பாட்டில் பிரஷ் போட்டுத் தேய்க்க வேண்டும். மணலில் மலேசியாவின் பெயரைத் தாங்கிய அந்தக் கூம்பு நத்தை இருந்தால் அதையும் குழாய்க்குள் எதிர்பாருங்கள். ஒரு தடவை எல்போவுக்குள் பதினேழு நத்தையை எண்ணினேன்.

இப்போது அம்மாவின் தூக்கம். ஓவர்ஃப்ளோ சத்தம் என்று எல்லாரும் ஒரே பெயரில் சொல்வது மூன்று சத்தம். சீப்பிலிருந்து உள்பெட்டிக்குள் விழும் அருவிச் சத்தம் ஒன்று. வெளிப்பெட்டியின் வடிகுழாய் காற்றையும் தண்ணீரையும் சேர்த்து விழுங்கும்போது வரும், சுடுரசத்தை உறிஞ்சுகிற மாதிரி சத்தம் இன்னொன்று. சம்பில் குமிழோடு கொட்டும் சத்தம் மூன்றாவது. முதலாவது சுலபம். உள்பெட்டியின் உள்மட்டம் சீப்புக்கு இரண்டு மூன்று செ.மீ. கீழேயே நிற்கும்படி வெளிப்பெட்டியின் மட்டத்தை உயர்த்திவிட்டால் தண்ணீர் விழாது, வழுக்கி இறங்கும். வெளிப்பெட்டியின் வடிகுழாய் உயரத்தை ஏற்ற இறக்க முடிகிற மாதிரி பெட்டியைத் தேடுங்கள். ஏற்றும்போது, ஒரு யு குழாய் அறுந்தால் தேவைப்படும் மட்ட வித்தியாசத்துக்கான இடம் குறையும், அளவு மீறினால் தொட்டியின் மட்டமும் ஏறும், அதனால் கொஞ்சம் கொஞ்சமாக.

இரண்டாவதும் மூன்றாவதும் ஒரே இடத்தில் பிறக்கின்றன: வடிகுழாயில் காற்றும் தண்ணீரும் ஒன்றாக இறங்குவதால். அதை அடக்க இரண்டு வழி. டர்சோ என்பவர் பெயரில் வழங்கும் நிற்குழாய் முதல் வழி. உச்சியில் கவிழ்ந்த வளைவு, அதன் மேல் மூடியில் காற்றுக்கு ஒரு சிறு துளை. தண்ணீர் குழாயின் சுவரோடு ஒட்டி இறங்கும், நடுவில் காற்று அமைதியாக நிற்கும். இதற்குக் குழாய் தாராளமாக இருக்க வேண்டும். 1200 லிட்டருக்கு ஓரங்குல டர்சோ முனகும், ஒன்றரை அங்குலம் அடங்கிவிடும். மேலே யு குழாய் ஒடுக்கமாக இருக்க வேண்டும் என்றேன், கீழே வடிகுழாய் அகலமாக இருக்க வேண்டும் என்கிறேன். முரண்பாடு மாதிரித் தெரியும். ஒன்றில் குமிழைத் துரத்துகிறோம், மற்றொன்றில் காற்றுக்கு இடம் விடுகிறோம், அவ்வளவுதான்.

இரண்டாவது வழி, காற்றே புகாமல் குழாய் முழுக்கத் தண்ணீராக இறக்குவது. ஹெர்பி முறை என்பார்கள். வெளிப்பெட்டியில் இரண்டு வடிகுழாய். ஒன்றில் கேட் வால்வு (திருகித் திருகி மெல்ல மூடும் வகை). அதைக் கொஞ்சம் கொஞ்சமாக மூடிக்கொண்டே வந்தால், ஒரு கட்டத்தில் உறிஞ்சும் சத்தம் சட்டென்று நிற்கும். அந்த நொடியை நீங்களே கேட்க வேண்டும். அறையில் யாரோ பேச்சை நிறுத்திவிட்ட மாதிரி இருக்கும். மற்றக் குழாய் சற்று உயரத்தில் சும்மா நிற்கும், முதலாவது அடைத்துக்கொண்டால் அது வாங்கிக்கொள்ளும். பால் வால்வு (கைப்பிடியைக் கால்சுற்று திருப்பினால் மூடும் வகை) வாங்காதீர்கள், நூலிழை திருப்ப வேண்டிய இடத்தில் அது கால்வாசி தாவிவிடும். குழாயின் கீழ்முனை சம்ப் தண்ணீருக்குள் இரண்டு மூன்று செ.மீ. மட்டும் மூழ்கட்டும். ஆழமாக மூழ்கினால், கரண்ட் திரும்பும்போது உள்ளே இருக்கும் காற்றைத் தள்ளித் தொடங்கத் திணறும். வரிவரியான நெளிவுக் குழாய் வேண்டாம், ஒவ்வொரு வரியும் சத்தம் போடும், தொய்வில் காற்று நிற்கும். சத்தமின்மையில் இந்த முறையை டர்சோவால் தொட முடியாது. ஆனால் யு குழாயில் சளி படியப் படிய ஓட்டம் மாறும், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வால்வைத் திருகிச் சரிசெய்ய வேண்டிவரும். ஒற்றை வடிகுழாய் உள்ள பெட்டியில் இதைச் செய்யவே கூடாது. உங்கள் வீட்டில் நானாக இருந்தால் இரண்டு துளை உள்ள வெளிப்பெட்டியோடு ஹெர்பி முறைக்குப் போவேன். வால்வைத் திருகிக்கொண்டிருக்கப் பொறுமை இல்லையென்றால் ஒன்றரை அங்குல டர்சோ, மேலே ஒரு மூடி. அலமாரிக் கதவைச் சாத்தினால் அம்மாவுக்கு ஃபேன் சத்தம்தான் கேட்கும்.

வெளிப்பெட்டியின் விளிம்பு தொட்டியின் விளிம்புக்குச் சமமாகவோ உயரமாகவோ இருக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள். தாழ்வாக இருந்தால், வடிகுழாய் அடைத்த அன்று தொட்டிக்கு முன்னால் அது வழியும், நான் மேலே போட்ட கணக்கெல்லாம் வீண்.

மின்சாரத்தில் இரண்டு சொல். தொட்டியில் உச்சமட்டத்தில் ஒரு மிதவை சுவிட்ச் வைத்து, மட்டம் ஏறினால் ரிட்டர்ன் பம்பு நிற்கும்படி செய்யலாம். 24 வோல்ட் டிசி பம்பு என்றால் அதற்கே உரிய கன்ட்ரோலரில் செருகுவதோடு முடிந்தது. 240 வோல்ட் கம்பியை மிதவை வழியாக நீங்களே இழுக்காதீர்கள், வயர்மேனைக் கூப்பிடுங்கள். எல்லாக் கம்பியும் பிளக்குக்குப் போகும் முன் ஒருமுறை கீழே தொய்ந்து ஏறட்டும், சொட்டும் தண்ணீர் அந்தத் தொய்விலேயே விழுந்துவிடும். மிதவை கூடுதல் காவல்தான். நத்தை அதிலும் ஏறும்.

அடுக்குமாடி என்பதால் இன்னொன்றும் சொல்லவேண்டியிருக்கிறது. கீழ்வீட்டுக் கூரையில் நீர்க்கசிவு தெரிந்தால், காரணம் மேலேதான் இருக்கிறது என்ற அனுமானத்தில்தான் ஸ்ட்ராத்தா (அடுக்குமாடிக் கட்டட) நிர்வாகத்தின் 2015 விதிமுறைகள் தொடங்குகின்றன. இல்லை என்று காட்டுவது மேலே இருப்பவர் பாடு. குளியலறைக் குழாய் கசிந்தாலே அப்படி என்றால், வீட்டில் 250 லிட்டர் தொட்டி வைத்திருப்பவரை யார் நம்புவார்கள்?

பொருத்தியதும் செய்யவேண்டிய சோதனையை ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஒதுக்கிச் செய்யுங்கள். முதலில் உண்மையான ஓட்டத்தை அளங்கள். ரிட்டர்ன் குழாயைப் பத்து லிட்டர் வாளிக்குள் பிடித்துக் கைப்பேசியில் நேரம் பாருங்கள், 30 வினாடியில் நிறைந்தால் மணிக்கு 1200 லிட்டர். அட்டையில் 2500 என்று போட்ட பம்பு, நாலடி உயரம் ஏற்றும்போது பாதிதான் கொடுக்கும், ஏமாந்துவிட்டோம் என்று நினைக்க வேண்டாம். அடுத்து, பம்பை அணைத்துப் போடுங்கள். ஐந்து நிமிஷம் கழித்து, அரைமணி கழித்து, மதியம் தூங்கி எழுந்து நாலு மணி நேரம் கழித்து. பத்து தடவையாவது. ஒவ்வொரு தடவையும் சைஃபன் தானாகத் தொடங்குகிறதா, உச்சியில் குமிழ் எவ்வளவு நேரத்தில் வெளியேறுகிறது என்று பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். அணைந்திருக்கும்போது சம்பில் தண்ணீர் எந்த உயரம்வரை வந்தது என்று மார்க்கர் பேனாவால் கோடு போடுங்கள். ஓடும்போது இருக்கும் மட்டத்துக்கு இன்னொரு கோடு; வீட்டில் யார் தண்ணீர் ஊற்றினாலும் அந்தக் கோட்டுக்கு மேல் ஊற்றக் கூடாது. கடைசியாக, வேண்டுமென்றே யு குழாயில் காற்றை விட்டு அறுத்துவிடுங்கள், இரண்டு குழாயையும். பம்பு ஓடட்டும். மனசு அடித்துக்கொள்ளும், ஓடட்டும். கடைசி அறை வற்றி, பம்பு கரகரக்கும் நேரத்தில் மேலே தண்ணீர் தொட்டி விளிம்பைத் தொடாமல் சற்றுக் கீழே நின்றுவிட்டது என்றால் உங்கள் கணக்கு சரி. உடனே பம்பை அணைத்துவிட்டு, மெல்லிய ஏர் டியூபை வளைவுவரை விட்டுக் காற்றை உறிஞ்சிச் சைஃபனைத் திரும்பத் தொடங்குங்கள். வாயில் கொஞ்சம் மீன் தண்ணீர் போகும்.

ஒன்று நீங்கள் எழுதவில்லை. தொட்டியின் மேல்விளிம்பில் உள்பக்கமாகக் கண்ணாடிப் பட்டை ஒட்டியிருக்கிறார்களா, இருந்தால் எத்தனை அங்குல அகலம்? இரண்டு அங்குலத்துக்கு மேல் இருந்தால் கடைகளில் கிடைக்கும் பெட்டிகளில் பல உள்ளே நேராக இறங்காது, யு குழாயின் அகலத்தையே மாற்றிச் செய்யவேண்டியிருக்கும். டேப் வைத்து அளந்து, மூலையிலிருந்து ஒரு படமும் எடுத்துப் போடுங்கள், பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.